ஐம்பத்தைந்து கோடி

பதினான்கு மாதம் காத்திருந்து பெர்சிஸுக்கு ஆய்வுக்கூடக் கருவியில் கிடைத்த இரண்டு நாளும் ஆடிக் கிருத்திகையை ஒட்டி வந்து விழுந்தன. வேறு தேதி கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். ‘சரி, வசதிப்படும்’ என்று பதில் எழுதிவிட்டாள்.

முப்பத்தொன்பது வயது. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். நிலவியலில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் அப்பாவுடன் இருந்தாள். அவர் பெயர் பால்; ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாயில் நாலைந்து சொற்கள்தான் மிச்சம். அவரைத் திருப்பிப் படுக்கவைக்க, சோறு ஊட்ட, துடைத்துவிட அவள் ஒருத்திதான். அவள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அடுத்த வீட்டுக் கோமளவல்லி வந்து எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அதனால்தான் டில்லிப் பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு அவளால் நேரில் போக முடியவில்லை. இங்கிருந்தே கணினி வழியாகக் கருவியை இயக்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கருவி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். பாறையை இடித்துப் பொடியாக்கி, சலித்து, அதிலிருந்து ஜிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு மணியும் ரவையில் பாதிகூட இருக்காது. அவற்றை ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள பிசின் வில்லையில் பதித்துத் தேய்த்து மெருகேற்றிக் கருவிக்குள் வைப்பார்கள். மெல்லிய அயனிக் கற்றை ஒன்று போய் மணியின் மேல் மோதும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குக் குழி விழும். அந்தக் குழியிலிருந்து தெறிப்பவற்றைக் காந்தப் புலத்தில் வளைத்து எடை வாரியாகப் பிரித்து, யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று கருவி எண்ணும். மணி உருவான நாளிலிருந்து யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாகிக்கொண்டே இருப்பதால், இரண்டின் விகிதம் தெரிந்தால் வயது தெரிந்துவிடும். ஒரு குழிக்கு இருபது நிமிடம். மூன்று குழிக்கு ஒரு முறை, வயது ஏற்கெனவே தெரிந்த மணி ஒன்றைச் சுட்டு, கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்.கே.பேட்டை போகும் வழியில் இருக்கும் ஒரு மொட்டைக் குன்றின் பாறைதான் அவளுடைய மாதிரி. இருநூற்றைம்பது கோடி வருடத்துக்கு முந்தையதாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஓர் ஊகம் உண்டு. அவள் நம்பிக்கை வேறு. சில மணிகளின் நடுவில் இன்னும் பழைய கரு இருக்கும், முந்நூறு கோடியைத் தொடும், அதை வைத்து ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

முதல் நாள் முழுக்கக் கருவியைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது. அங்கே பொறுப்பில் இருந்த குணசேகரன் வேலூர்க்காரர். “மேடம், இன்னிக்கி கற்றை நிலையா நிக்க மாட்டேங்குது. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் உங்க மணிங்கள சுட ஆரம்பிச்சிடலாம்” என்றார் போனில். அவள் தலையாட்டினாள். தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் கிருத்திகை. காலையிலேயே தெரு முழுக்க மஞ்சள் வேட்டியும் காவடியுமாக இருந்தது. அப்பாவைச் சுத்தம் செய்து, கஞ்சி கொடுத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். முதல் இரண்டு குழிகளும் வயது தெரிந்த மணியில். சரியாக வந்தன. அவளுடைய முதல் மணியின் மேல் கற்றையை நிறுத்தி நடுவில் குறி வைத்தபோது திரை அப்படியே உறைந்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தாள். தெருமுனையில் தண்ணீர்ப் பந்தலுக்குக் கம்பம் நட்டவர்கள் கடப்பாறையால் இணையக் கம்பியை வெட்டியிருந்தார்கள்.

“இன்னாமா, வீட்ல டிவி வரலியா?” என்றான் ஒருவன், உண்மையான வருத்தத்தோடு.

அவனிடம் என்ன சொல்வது? ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாள். கைபேசி வழியாக இணைத்துப் பார்த்தாள். ஊருக்குள் லட்சக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு கைபேசியோடு வந்திருந்தார்கள். எதுவும் நகரவில்லை. குணசேகரனைக் குரல் அழைப்பில் பிடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

“சார், லைன் போயிடுச்சி. நான் அனுப்புன பட்டியல் இருக்குதில்ல, எந்தெந்த மணி, எந்த எடம்னு படத்துல குறிச்சி வெச்சிருக்கேன். அதும்படி நீங்களே சுட்டுடுங்க சார். நேரம் வீணாக வேணாம்.”

“ஆங், சுட்டுடறேன். நீங்க நிதானமா வாங்க.”

நிதானமாக என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அப்பாவின் படுக்கையருகில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தும் போனாள்.

இணைப்பு திரும்பியபோது மணி மூன்று. ஒன்பது குழிகளுக்கு எண்கள் காத்திருந்தன. முதல் எண்ணைப் பார்த்துப் பட்டியல் மாறிவிட்டது என்று நினைத்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதை. ஐம்பத்தைந்து கோடி. ஐம்பத்தைந்தரை. ஐம்பத்து நாலே முக்கால். ஒன்பதும் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. இருநூற்றைம்பதும் இல்லை, முந்நூறும் இல்லை.

குணசேகரன் அழைத்தார். “கருவியில பிரச்சன இல்ல மேடம். நடுநடுவுல நம்ம தெரிஞ்ச மணி சரியா வந்துகினு இருக்குது. இவ்ளோ சுத்தமான வயசு நானே பாத்து ரொம்ப நாளாச்சு.”

ஆறு மணிக்குள் இன்னும் ஐந்து குழிகள். எல்லாம் அதேதான்.

மறுநாள் காலை அவளுடைய நெறியாளர் பேராசிரியர் வேதாசலத்துக்கு எண்களை அனுப்பினாள். அவர் சென்னையிலிருந்து உடனே அழைத்தார். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர். அந்தக் குரலில் அவ்வளவு துள்ளலை அவள் இந்த ஏழு வருடத்தில் கேட்டதில்லை.

“பெர்சிஸ், இது என்னன்னு புரியுதா? ஐம்பத்தஞ்சு கோடி வயசுப் பாறை தெக்கதான் உண்டு, மதுரைப் பக்கம், கேரளாப் பக்கம். திருத்தணியில இருக்குன்னா மொத்த வரைபடத்தையும் மாத்தி வரையணும். நான் டிசம்பர் கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பறேன். நீ கட்டுரைய ஆரம்பி.”

“சரிங்க சார்” என்றாள்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அன்று கல்லூரியில் மூன்று வகுப்பு எடுத்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் படுக்கை மாற்றிவிட்டு, கொல்லைப்புறத்துக்குப் போனாள். இடிக்க அனுப்பியது போக மீந்த ஒரு துண்டுக் கல் துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது. அதைக் கழுவி, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். சாம்பல் நிறம். நடுவில் மிளகைவிடச் சின்னதாக, சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். கார்னெட் கனிமம்.

அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். குன்றில் முதல் முறை அவளே சுத்தியலால் தட்டி எடுத்த சில்லு அதில் இருந்தது. அதுவும் சாம்பல்தான். ஆனால் கருப்பு மைக்கா பட்டை பட்டையாக ஓடியது. சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டையும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாள். சோறு குழைந்தது.

அந்தக் குன்றில் இடம் பார்த்து மஞ்சள் பெயிண்டு அடித்தது அவள்தான். சில்லு எடுத்ததும், ஆயத்தொலைவு குறித்ததும் அவள்தான். பெரிய மாதிரி எடுக்க மறுவாரம் போவதாக இருந்தது. அதற்குள் அப்பா விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபடி எல்லப்பனுக்குப் போன் செய்தாள். எல்லப்பன் குவாரியில் வேலை செய்தவர், குன்றுக்குக் கீழே இருக்கும் ஊர்க்காரர். முதல் முறை வழிகாட்டியதும் அவர்தான். மஞ்சள் பெயிண்டு வைத்த இடத்தில் பத்துப் பதினைந்து கிலோ உடைத்து வீட்டில் போட்டுவிடச் சொன்னாள். இரண்டு சிமெண்டு சாக்கில் கல் வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல், மேலே எண்ணை எழுதி, இடிக்க அனுப்பிவிட்டாள். ஆய்வுக் குறிப்பேட்டில் ‘ஆய்வாளரால் சேகரிக்கப்பட்டது’ என்று எழுதினாள். எல்லோரும் எழுதுகிற வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி, அடுத்த வீட்டுக் கோமளவல்லியை அப்பாவிடம் விட்டுவிட்டு, ஆர்.கே.பேட்டை பஸ் ஏறினாள்.

எல்லப்பன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

“வாங்க டீச்சர். நைனா எப்டி கீறாரு?”

“அப்டியேதான் கீறாரு.”

அவர் மனைவி மணியம்மை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெர்சிஸ் குடித்துவிட்டுச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எல்லப்பண்ணா, அன்னிக்கி எனக்குக் கல்லு ஒடச்சிக் குடுத்தீங்களே, அது எங்க ஒடச்சது?”

“நீங்க மஞ்ச பெயிண்டு வெச்ச எடத்துலதான்.”

“அந்த எடத்துலியா?”

“ஆங். அங்கதான்.”

அவள் பையிலிருந்து இரண்டு கற்களையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். எல்லப்பன் அவற்றைத் தொடவில்லை. குவாரியில் இருபது வருடம் இருந்தவருக்குத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மணியம்மை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

“கல்லப் பாத்து எங்க எடுத்ததுன்னு சொல்லிட முடியுமா டீச்சர்?”

“சொல்லிடலாம்ணா.”

தறி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய், தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

“நான் போனங்க. சத்தியமா போனேன். சம்மட்டி எடுத்துக்கினு மேல ஏறி, நாலு போடு போட்டேன். இடுப்புல சுளுக்குன்னு புடிச்சிக்கிச்சி. அங்கியே மல்லாந்து கெடந்தேன். ஒரு மணி நேரம் கெடந்திருப்பேன், பாக்க ஆளில்ல. அப்பால தவழ்ந்து தவழ்ந்து எறங்குனேன்.” பேச்சை நிறுத்தி இருமினார். “நீங்க ஆஸ்பத்திரில இருந்துகினு ரெண்டு வாட்டி போன் பண்ணீங்க. அவசரம்னீங்க. உங்க கொரலே சரியில்ல. ரோட்டாண்ட கல்யாண மண்டபம் கட்டிகினு இருந்தாங்க. வாசப்படிக்கின்னு மதுரைலேர்ந்து லாரில வந்த கல்லு, ஒடஞ்சது ஒரு குமியா கெடந்துச்சி. பாக்க இதே கலரு. எப்டியும் பொடி பண்ணத்தான போறேன்னு நீங்கதான் சொன்னீங்க. கல்லு எங்கத்துதா இருந்தா இன்னான்னு நெனச்சிட்டேன்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா. இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு.”

“சொன்னா நீங்களே ஏறியிருப்பீங்க. நைனாவ வுட்டுட்டு.”

கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது நிற்க இடம் தேடி அலைந்தது. இந்த மனிதர் மேல் நிறுத்தலாம் என்று பார்த்தாள். கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுளுக்கிய இடுப்புக்குக் கையை அணைவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானே சேகரித்தேன் என்று எழுதியது யார்? சாக்கைப் பிரித்து ஒரு கல்லை, ஒரே ஒரு கல்லை, வெளிச்சத்தில் பார்த்திருந்தால் போதும். மாணவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

“ரொம்ப நஷ்டமா டீச்சர்?”

“ரெண்டு வருஷம் போச்சுண்ணா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெர்சிஸ் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக அந்தக் கல்யாண மண்டபம் தெரிந்தது. வாசல் படிகள் சாம்பல் நிறத்தில் பளபளப்பாக இருந்தன. யாருடைய அறுபதாம் கல்யாணத்துக்கோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேதாசலத்திடம் அன்று மாலையே போனில் சொன்னாள். எதையும் மறைக்காமல், தான் எழுதிய வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

“நான் சுருக்கம் அனுப்பிட்டேன், பெர்சிஸ்.”

“தெரியுங்க சார்.”

“அந்த ஆளுக்கு ஞாபகம் தப்பியிருக்கலாம் இல்லையா? ரெண்டு வருஷம் ஆச்சே.”

“கார்னெட் இருக்குங்க சார். என்னோட சில்லுல அது கெடையாது.”

“ஒரே குன்றுல அம்பது அடி தள்ளி வேற பாறை இருக்கக்கூடாதா?”

“இருக்கலாம். ஆனா இது அந்தக் குன்றுக் கல்லு இல்லையே சார்.”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு கோபமில்லாமல் பேசினார். “பாரும்மா. நான் ஆறு மாசத்துல போயிடுவேன். அதுக்கப்புறம் உனக்கு வேற நெறியாளர் தேடணும். உனக்குப் பதிவுக் காலம் முடியப்போவுது, நீட்டிப்புக்கு எழுதணும். கருவி நேரம் மறுபடியும் கேட்டா எப்ப வருமோ. இதெல்லாம் தெரிஞ்சுதானே பேசறே? இந்தப் போனை நீ பண்ணலைன்னு வெச்சிக்கிறேன். நாலு நாள் கழிச்சு சொல்லு.”

அவர் கெட்டவர் இல்லை. அவரும் களைத்துப்போனவர்தான். கடைசியாக ஒரு நல்ல கட்டுரையோடு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அந்த நாலு நாளும் அவள் வேலைகளைச் செய்துகொண்டே கணக்குப் போட்டாள். மதுரைக் கல் என்று எல்லப்பனுக்கும் வேதாசலத்துக்கும் தனக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் இருவரும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. கட்டுரை வந்தால் நிரந்தர வேலைக்கு வழி பிறக்கலாம். அப்பாவுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். பிறகு என்றாவது ஒருநாள் யாராவது ஓர் ஆய்வாளர் அந்தக் குன்றில் ஏறித் தட்டுவார். இருநூற்றைம்பது கோடி வரும். அவள் பெயருக்கு எதிரே கேள்விக்குறி போடுவார். அப்படி யாரும் ஏறாமலே போகவும் கூடும். ஆனால் ஒவ்வொரு கருத்தரங்கிலும் யாராவது எழுந்து, எந்த இடத்தில் எடுத்தீர்கள், படம் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் போன முறை சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். இனி இருபது வருடம், முப்பது வருடம். அதற்கான தெம்பு தன்னிடம் இல்லை என்று பட்டது. நேர்மை என்று அவள் இதற்குப் பெயர் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு நடக்க இன்னொரு மூட்டை வேண்டாம், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை, வகுப்புக்குப் போகும் முன், மின்னஞ்சல் எழுதினாள். மாதிரி குறிப்பிட்ட இடத்திலிருந்து எடுக்கப்பட்டதல்ல, சேகரிக்கும்போது நான் உடன் இல்லை, இருந்ததாக எழுதியது என் தவறு, சுருக்கத்தைத் திரும்பப் பெற வேண்டும். எல்லப்பனின் பெயரைப் போடவில்லை. வேதாசலத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரே கடிதமாக அனுப்பினாள். வேதாசலத்திடமிருந்து ‘கிடைத்தது’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. பிறகு அவர் ஓய்வு பெறும்வரை கையெழுத்து வாங்கும் விஷயங்களைத் தவிர அவளிடம் எதுவும் பேசவில்லை. போகும் முன் நீட்டிப்பு விண்ணப்பத்தில் மட்டும் அவளுக்காக நாலு நல்ல வரி எழுதிவிட்டுப் போயிருந்தார். அது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பெர்சிஸ் குன்றுக்குப் போனாள். எல்லப்பனைக் கூப்பிடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர் கோலூன்றியபடி ரோட்டோரம் நின்றிருந்தார். அந்த ஊரில் பிறந்தவளான கோமளவல்லி சொல்லியிருக்க வேண்டும்.

“நான் ஒடைக்க மாட்டேன் டீச்சர், முடியாது. வழி காட்றேன். ரெண்டு மழைக்கி முள்ளு மண்டிக்கிச்சி.”

மேலே ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. மஞ்சள் பெயிண்டு வெளுத்து, பாசி நிறத்துக்கு வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பாறையில் நாலு வெள்ளைத் தழும்புகள் இருந்தன. எல்லப்பன் அன்று போட்ட நாலு அடிகள். இருவரும் அவற்றைப் பார்த்தார்கள்.

சம்மட்டி ஏழு கிலோ. அவள் தூக்கிப் போட்ட முதல் அடி பாறையைத் தொட்டு வழுக்கியது.

“அங்க வேணாம். கோடு ஓடுது பாருங்க, அதும்மேல போடுங்க. தோள்ல தூக்காதீங்க, காலு ரெண்டும் அகட்டி நில்லுங்க.”

இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோ உடைத்தாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் கண்டு, ஒன்று உடைந்தது. ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்து, படம் எடுத்து, எண் எழுதிப் பையில் போட்டாள். இறங்கும்போது பாதி எடையை எல்லப்பன் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். கொடுக்கவில்லை. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது இடத்தில் அவர் தன் மகள் பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருப்பதையும், மருமகன் குடிப்பதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புது நெறியாளர் ஒரு பெண். பெர்சிஸைவிட நான்கு வயது இளையவர். கருவி நேரம் இந்த முறை பதினாறு மாதம் கழித்துக் கிடைத்தது. அதற்குள் அப்பா இறந்துபோனார். அவளே டில்லிக்கு ரயிலேறினாள். அந்தப் பெரிய அறையில், குணசேகரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பது குழிகளுக்கான எண்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்தாள். இருநூற்றைம்பத்திரண்டு கோடி. கொஞ்சம் கூடக் குறைய எல்லாம் அதே. பழைய கருவே இல்லை. எல்லோரும் முன்பே ஊகித்திருந்த வயது.

“பரவால்ல மேடம். சுத்தமான வயசு” என்றார் குணசேகரன்.

ஆய்வேட்டில் அது ஓர் அட்டவணையில் ஒரு வரியாக வந்தது. வாய்மொழித் தேர்வில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பட்டம் வந்த வாரம் எல்லப்பனுக்குப் போன் செய்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“இன்னா வயசு டீச்சர் அது?” என்று அவர் கத்தினார்.

“எரநூத்தி அம்பத்திரண்டு கோடி வருஷம்.”

“எம்மாடி” என்றார் எல்லப்பன். பிறகு, இடுப்புக்கு அரக்கோணத்தில் யாரோ ஊசி போடுகிறார்களாம், நல்ல டாக்டரா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பெர்சிஸ் பேனாவை எடுத்து, டாக்டரின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.